சீசன் பணம் கைக்கு வந்ததும் கடனை அடைப்பதா, வரும் மாதங்களுக்கு வைப்பதா?

சீசன் முடிந்து கணக்குப் பார்க்கும் நாளில் கையில் ஒரு தொகை இருக்கும். ஒரு பக்கம் கடன்கள் வரிசையாக நிற்கும். இன்னொரு பக்கம் வருமானமே இல்லாத ஆறேழு மாதங்கள் நிற்கும். இருக்கிற பணம் இரண்டுக்கும் போதாது. எந்தப் பக்கம் எவ்வளவு என்று அந்த ஓரிரு நாளில் எடுக்கும் முடிவுதான் அடுத்த சீசன் வரை வீட்டை நடத்தும்.

கடன் தீர்ப்பது பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் யோசனைகள் இங்கே பாதி தூரம்தான் வரும். "மாதாமாதம் கொஞ்சம் கூடுதலாகக் கட்டுங்கள்" என்பது ஒன்றாம் தேதி ஆனால் பணம் வரும் வீட்டுக்கான யோசனை. அறுவடை, மீன்பிடி, சுற்றுலா, மழை வந்தால் நின்றுவிடும் கட்டட வேலை என்று சில மாதம் சம்பாதித்து வருடம் முழுக்கச் சாப்பிடுகிறவர்களுக்குக் கணக்கு வேறு. எங்கள் வீடு அந்த ரகம். என் கணவர் சுற்றுலாப் பயணிகளுக்கு வண்டி ஓட்டுகிறார். ஐந்து மாதம் தூங்க நேரம் இருக்காது, ஏழு மாதம் வண்டி வாசலில் நிற்கும். கீழே ஒப்பிடும் வழிகளில் பெரும்பாலானவற்றை நாங்களே செய்து பார்த்திருக்கிறோம். ஒன்றில் நன்றாக அடிபட்டோம்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டு பேசலாம். நாணயம் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான். சீசன் முடிவில் கையில் 1,40,000. வேலை இல்லாத மாதங்கள் 7, மாதச் செலவு 12,000, ஆக 84,000. கடன்கள் மூன்று: மாதம் 2 சதவீத வட்டியில் 80,000, மாதம் 1 சதவீத வட்டியில் 40,000, உறவில் வட்டி இல்லாமல் வாங்கிய கைமாற்று 15,000. மொத்தக் கடன் 1,35,000. வட்டிக்கு வட்டி சேர்க்காமல் எளிய கணக்காகவே போடுகிறேன்.

முதல் வழி, எல்லாக் கடனையும் ஒரே நாளில் அடைத்துவிடுவது. மனசுக்கு இதைவிட நிம்மதி வேறில்லை. 1,35,000 போய்க் கையில் 5,000 மிஞ்சும். ஆனால் முதல் மாதச் செலவுக்கே 7,000 குறைகிறது. அப்புறம் ஆறு மாதம், மாதம் 12,000 வீதம் கடன் வாங்கித்தான் குடும்பம் ஓட வேண்டும். வேலை இல்லாத காலத்தில் அவசரத்துக்குக் கிடைக்கும் கடன் எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும். மாதம் நூற்றுக்கு ஐந்து வட்டி என்று வைத்துக்கொள்வோம். ஏழு மாத முடிவில் வாங்கிய அசல் 79,000, வட்டி 15,050. அடுத்த சீசன் தொடங்கும்போது தலைமேல் 94,050 இருக்கும்.

இரண்டாவது வழியில், முதலில் ஏழு மாதச் செலவு 84,000 தனியே போய்விடும். மிச்சமுள்ள 56,000 முழுவதையும் 2 சதவீதக் கடனில் கட்ட வேண்டும். அந்தக் கடனில் 24,000 நிற்கும், மற்ற இரண்டும் அப்படியே இருக்கும். ஏழு மாத வட்டி 3,360ம் 2,800ம் சேர்ந்து 6,160. சீசன் தொடங்கும்போது தரவேண்டியது 85,160.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அசல் இரண்டிலும் அதே 79,000தான். வந்த பணம் ஒன்று, செலவு ஒன்று, அதனால் கடன் அசலும் ஒன்று. முதல் வழியில் "கடன் எல்லாம் தீர்ந்தது" என்று நாம் நினைத்த நாளில் உண்மையில் எதுவும் தீரவில்லை. 2 வட்டியிலும் 1 வட்டியிலும் வட்டியே இல்லாமலும் இருந்த கடனை எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக 5 வட்டிக்கு மாற்றியிருக்கிறோம். அதற்கு நாம் கொடுத்த விலை 8,890. மாதச் செலவில் இரண்டு மாதம் எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் அவ்வளவு மிச்சம் பிடிக்க முடியாது.

இதனால் முதல் வழி எப்போதுமே தப்பு என்று சொல்ல வரவில்லை. இந்த உதாரணத்தில், வேலை இல்லாத மாதங்களில் கிடைக்கும் கடனின் வட்டி மாதம் 2 சதவீதத்தைச் சற்றே தாண்டும் இடத்தில் இரண்டு வழிகளும் சமமாகின்றன. அதற்குக் கீழே கடன் கிடைத்தால் முதல் வழிதான் லாபம். வங்கியில் ஓவர்டிராஃப்ட் வசதி, அதாவது கணக்கில் பணம் இல்லாதபோதும் ஒரு வரம்பு வரை எடுத்துக்கொள்ளும் வசதி, இருப்பவர்களுக்கு இது நிஜமாகவே பொருந்தும். அதில் வட்டி நாள் கணக்கில், எடுத்த தொகைக்கு மட்டும்தான் வரும். மாதம் 1 சதவீதத்தில் அப்படி எடுக்க முடிந்தால் ஏழு மாத வட்டி 3,010தான், இரண்டாவது வழியில் பாதிகூட இல்லை. ஆனால் அந்த வசதி எழுத்தில் உறுதியாக இருக்க வேண்டும். வரம்பை எப்போது வேண்டுமானாலும் குறைக்கும் உரிமை வங்கிக்கு உண்டு என்ற வரி பல ஒப்பந்தங்களில் இருக்கும். "தேவைப்பட்டால் கேட்டால் தருவார்கள்" என்பதை நம்பி முதல் வழியில் இறங்காதீர்கள்.

நாங்கள் இறங்கினோம். நல்ல சீசன் அது. ஒரே வாரத்தில் மூன்று இடத்துக்கும் பணத்தைக் கொண்டுபோய்க் கட்டினோம். பாக்கி இல்லை என்ற சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவில் வைத்தேன். அன்று இரவு இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம், அவ்வளவு லேசாக இருந்தது. மூன்றாவது மாதம் வண்டி இன்சூரன்ஸ் முடிந்தது. அதே மாதம் கிளட்ச் போனது. வண்டியை ஓட்டாமல் நிறுத்திவைக்கலாம் என்றால், சீசன் இல்லாதபோது அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும் உள்ளூர் சவாரியும் போய்விடும். பழைய இடத்தில் திரும்பக் கடன் கேட்டோம். வருமானச் சான்று கேட்டார்கள். ஆறு மாதத்து வங்கிக் கணக்கில் கடைசி மூன்று மாதம் காலியாக இருந்தது, தரவில்லை. கடைசியில் வளையலை அடகு வைத்து, அதுவும் போதாமல் ஐந்து வட்டிக்கு வாங்கினோம். பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அந்தச் சான்றிதழ் கண்ணில் படும். அதைப் பார்க்கப் பிடிக்காமல் இடம் மாற்றி வைத்தேன்.

இந்த அனுபவத்தில் வழித் தேர்வு தப்பு என்பதோடு இன்னொரு தப்பும் இருந்தது. வேலை இல்லாத மாதங்களின் செலவை நாங்கள் சரியாக எண்ணவே இல்லை. மாதச் செலவை ஏழால் பெருக்குவது போதாது. வருடத்துக்கு ஒருமுறை வரும் செலவுகள் எந்த மாதத்தில் விழுகின்றன என்று பார்க்க வேண்டும்: இன்சூரன்ஸ், வரி, பிள்ளைகளின் கல்விக் கட்டணம், தொழில் கருவிகளின் பராமரிப்பு. அடுத்த சீசனைத் தொடங்கவே ஒரு தொகை தேவைப்படும், விவசாயிக்கு விதை, மீனவருக்கு வலை, எங்களுக்கு டயர். கட்டாயம் கட்ட வேண்டிய மாதத் தவணைகளும் இந்தப் பட்டியலில்தான் சேரும். தவணை தவறினால் விழும் அபராதமும், கடன் வரலாற்றில் விழும் கறையும் சீசன் இல்லாத காலத்தில் ரொம்பக் கனமானவை. இவை எல்லாவற்றையும் கூட்டிய பிறகு வருவதுதான் ஒதுக்க வேண்டிய தொகை. எங்களுக்கு அது நாங்கள் நினைத்ததைவிட ஏறக்குறைய கால் பங்கு அதிகமாக வந்தது.

மூன்றாவது வழி, மிச்சமுள்ள 56,000ஐ ஒரேயடியாகக் கட்டாமல் மாதம் 8,000 வீதம் ஏழு மாதமும் கட்டுவது. சம்பளக்காரர்களைப் போலச் சீராக இருக்கும். இதற்கும் விலை உண்டு. 2 சதவீதக் கடனில் அன்றே இறங்கியிருக்க வேண்டிய தொகை மாதாமாதம் தாமதமாக இறங்குவதால் 4,480 கூடுதல் வட்டி. பதிலுக்கு நடுவில் ஏதாவது நடந்தால் கட்டுவதை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒருவகையில் அந்த 4,480 நாமே நமக்குக் கட்டிக்கொள்ளும் இன்சூரன்ஸ் பிரீமியம். வீட்டில் வயதானவர்களோ நோயாளியோ இருந்தால், அவசரத்துக்கு வேறு எந்தக் கையிருப்பும் இல்லை என்றால், இந்த விலை கொடுக்கத் தக்கதுதான். இல்லையென்றால் நடுவழி ஒன்று இருக்கிறது. இரண்டு மாதச் செலவுக்குச் சமமான தொகையை அவசரத்துக்கென்று நிறுத்திவைத்துக்கொண்டு மீதியை முதல் நாளே கட்டிவிடலாம். நாங்கள் இப்போது செய்வது இதைத்தான்.

சரி, ஒதுக்கியது போக மிஞ்சியதை எந்தக் கடனில் போடுவது? இதில் இரண்டு கட்சிகள் உண்டு. வட்டி அதிகமானதை முதலில் அடைத்தால் மொத்த வட்டி குறையும், இது வெறும் கூட்டல் கழித்தல், மறுக்க இடமில்லை. சிறிய கடனை முதலில் முடி என்கிறது மற்றக் கட்சி. ஒரு கடன் முழுசாகத் தீரும்போது கிடைக்கும் தெம்பு அடுத்ததை அடைக்கத் தூண்டும் என்பது அவர்கள் வாதம். டேவிட் கால், பிளேக்லி மெக்ஷேன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2012ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலு சேர்த்தது. கடன் கணக்குகளை ஒவ்வொன்றாக மூடியவர்களே மொத்தக் கடனையும் தீர்க்கும் வாய்ப்பு அதிகம் என்று அவர்கள் கண்டார்கள். அதற்கு ஒரு வருடம் முன்பு வந்த இன்னோர் ஆய்வு, கணக்குகளின் எண்ணிக்கையைக் குறைக்கும் ஆசையில் மக்கள் அதிக வட்டிக் கடனை விட்டுவிட்டு நஷ்டப்படுகிறார்கள் என்று காட்டியது. இரண்டும் உண்மைதான்.

ஆனால் சீசன் வருமானக்காரர்கள் இவை இரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எந்தக் கடனை மூடினால் வேலை இல்லாத மாதங்களின் பாரம் அதிகம் குறையும்? மாதம் 3,000 தவணையில் இன்னும் 9,000 மட்டும் பாக்கியுள்ள கடனை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வட்டி குறைவாகவே இருக்கலாம். ஆனால் இன்று 9,000 கட்டி அதை மூடினால் அடுத்த மூன்று மாதமும் மாதத்துக்கு 3,000 என்ற நெருக்கடி இல்லை. அதே 9,000ஐ பெரிய கடனில் போட்டால் வட்டி கொஞ்சம் குறையும், தவணை அப்படியே நிற்கும். கையிருப்பு இறுக்கமாக இருக்கும் வருடத்தில் நான் தவணையை மூடுவேன். கையிருப்பு தாராளமாக இருந்தால் வட்டி அதிகமானதில் போடுவேன். கைமாற்றுக்கு வட்டி இல்லை என்பதற்காக அதைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். கொடுத்தவருக்கும் செலவு இருக்கிறது. அவர் வாய்திறந்து கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம். முழுசாக முடியாவிட்டாலும் சீசன் முடிவில் ஒரு பகுதியைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

வங்கிக் கடனில் பகுதித் தொகையை முன்கூட்டியே கட்டும்போது, "தவணைக் காலத்தைக் குறைக்கவா, தவணைத் தொகையைக் குறைக்கவா?" என்று கேட்பார்கள். காலத்தைக் குறைத்தால் வட்டி அதிகம் மிச்சம் என்பதால் எல்லோரும் அதையே சொல்வார்கள். நாங்கள் தொகையைத்தான் குறைக்கச் சொல்கிறோம். சீசன் இல்லாத ஏழு மாதமும் கட்ட வேண்டியது குறைகிறது, அடுத்த சீசனில் மறுபடியும் பகுதித் தொகை கட்டினால் வட்டியில் விட்டதில் பெரும்பகுதி திரும்பி வந்துவிடுகிறது. இப்படி முன்கூட்டிக் கட்டினால் கட்டணம் உண்டா, வருடத்துக்கு எத்தனை முறை கட்டலாம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கட்டணம் இருந்தால் கணக்கு மாறிவிடும்.

நான்காவது வழி, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பெரிய கடனாக மாற்றுவது. கேட்க அழகாக இருக்கும். பல இடம் ஓடுவது நிற்கும், வட்டியும் குறைவு என்பார்கள். இங்கே நிதானம் தேவை. "வெறும் 10 சதவீதம்" என்று சொல்லப்படும் வட்டி, குறையும் அசலுக்கா, தொடக்க அசலுக்கா என்று பாருங்கள். 1,20,000ஐ மூன்று வருடத்துக்கு 10 சதவீத ஃபிளாட் வட்டியில் வாங்கினால், அசல் குறையக் குறையவும் முழுத் தொகைக்கே வட்டி ஓடும். மொத்த வட்டி 36,000, மாதத் தவணை 4,333. குறையும் அசல் முறையில் சொன்னால் அது கிட்டத்தட்ட 18 சதவீத வட்டிக்குச் சமம். மாதம் 1 சதவீதத்தில், அதாவது வருடம் 12 சதவீதத்தில் இருக்கும் கடனை அதற்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது நஷ்டம். இன்னொன்று, மாதத் தவணை பன்னிரண்டு மாதமும் வரும், உங்கள் வருமானம் ஐந்து மாதம்தான் வரும். வீட்டையோ நிலத்தையோ ஈடாகக் கேட்டால் நான் பின்வாங்கிவிடுவேன். ஈடில்லாக் கடனைக் கட்ட முடியாமல் போனால் அவமானமும் அபராதமும். ஈட்டுக் கடனில் இருக்க இடமே போய்விடும்.

தவணையை சீசனோடு பொருத்தித் தரும் கடன் கிடைத்தால் கதை வேறு. அறுவடைக்குப் பிறகு ஒரே தொகையாகக் கட்டும் பயிர்க் கடன் முறை பல நாடுகளில் இருக்கிறது. மற்றத் தொழில்களுக்கும் சில இடங்களில் கேட்டால் செய்து தருகிறார்கள். கேட்காதவரை யாரும் சொல்வதில்லை. வருமானம் எந்த மாதங்களில் வருகிறது என்பதை இரண்டு மூன்று வருட வங்கிக் கணக்கோடு கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள். தவணை தவறிய பிறகு போவதைவிட அதற்கு முன்பே போவது பத்து மடங்கு நல்லது.

பேசிக் குறைத்து ஒரு தொகையில் முடித்துக்கொள்ளும் செட்டில்மென்டை நான் ஒரு வழியாகவே எண்ணவில்லை. கடன் வரலாற்றில் அந்தக் குறிப்பு வருடக்கணக்கில் நிற்கும். நமக்கோ வேலை இல்லாத மாதங்களில் கடன் கிடைப்பதே பெரும்பாடு.

சிக்கனத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பலரும் கையில் இல்லாதபோதுதான் சிக்கனத்தைத் தொடங்குகிறோம். அப்போது குறைக்க என்ன இருக்கிறது? வாடகையையா, மருந்தையா? கணக்கு எழுதிப் பார்த்தபோது எங்கள் பணம் கரைந்த இடமெல்லாம் சீசன் மாதங்களில்தான் இருந்தது. தினமும் கையில் காசு புழங்கும்போது, "நாளைக்கும் வருமே" என்று வெளியே சாப்பிட்டது, புது போன், கேட்டவருக்கெல்லாம் கொடுத்தது. அதனால் சீசனிலும் சீசன் இல்லாதபோதும் ஒரே மாதச் சம்பளத்தை நாங்களே எங்களுக்குக் கொடுத்துக்கொள்கிறோம். மீதி அன்றன்றே வேறு கணக்குக்குப் போய்விடும், அந்தக் கணக்குக்கு கார்டு வாங்கவில்லை. ஒதுக்கிய பணத்தை, மாதம் ஒன்றாக முதிரும்படி ஏழு சிறு டெபாசிட்டுகளாகப் பிரித்துப் போட்டுவைப்பதும் நன்றாக வேலை செய்கிறது. நாலாவது மாதப் பணத்தை இரண்டாவது மாதம் எடுக்கப் போனால் வங்கி வரை போக வேண்டும், வட்டியும் குறையும். அந்தச் சின்னத் தடையே பலமுறை என்னைத் திருப்பி அனுப்பியிருக்கிறது.

எந்த வழியைத் தேர்ந்தாலும் முடிவைச் சீசன் முடிந்த கையோடு எடுத்து எழுதிவிடுங்கள். இதற்கு ஆய்வுச் சான்றே இருக்கிறது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டர் ஷாஃபிர், ஜியாயிங் சாவ் ஆகியோர் 2013ல் சயின்ஸ் இதழில் வெளியிட்டது. தமிழ்நாட்டின் 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்பும் பின்பும் சந்தித்து, அதே ஆளுக்கு இரண்டு முறை அறிவுத்திறன் சோதனை வைத்தார்கள். அறுவடைக்கு முன் 78 சதவீதம் பேர் ஏதாவது அடகு வைத்திருந்தார்கள், பின்பு 4 சதவீதம் பேர்தான். சோதனையிலும் அறுவடைக்கு முன்பு அதே மனிதர்கள் குறைவாகவே எடுத்தார்கள். பணக் கவலை மூளையின் இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பது அவர்கள் சொல்லும் காரணம். படித்தபோது எனக்கு அழுகையே வந்தது. ஐந்து வட்டிக்குக் கையெழுத்துப் போட்ட அந்த மதியத்தில் நான் ஏன் வேறு வழியே யோசிக்கவில்லை என்று வருடக்கணக்கில் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது சீசன் முடிந்த முதல் ஞாயிறு ஒரு தாளில் நான்கு வரி எழுதுகிறோம். மாதத்துக்கு எவ்வளவு, எந்தெந்த மாதத்தில் எந்த வருடச் செலவு, அவசரத்துக்கு எவ்வளவு, மிஞ்சியது எந்தக் கடனுக்கு. இருவரும் கையெழுத்துப் போட்டு பீரோக் கதவின் உட்பக்கம் ஒட்டிவிடுவோம். நடுவில் யாராவது ஒருவர் மாற்ற வேண்டும் என்றால் மூன்று நாள் கழித்துத்தான் பேச வேண்டும் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். போன வருடத் தாளில் ஐந்தாவது மாதத்துக்கு நேரே இன்சூரன்ஸ் என்று எழுதி, பக்கத்தில் அந்தத் தொகையும் இருந்தது. அந்த மாதம் வந்தது, டெபாசிட் முதிர்ந்தது, கட்டினோம். பிறகு சேர்ந்த மூன்று கடனில் இரண்டு முடிந்துவிட்டது. வளையல் இன்னும் மீளவில்லை, இந்தச் சீசன் தாளில் நான்காவது வரி அதற்குத்தான்.